ஆடித் தள்ளுபடியும் அப்புச்சி ரோசனையும்

வா கண்ணு, வந்து திண்ணையில உக்காரு. கையில என்ன, நாலு பையா? பேஷ், பேஷ். ஆடி பொறந்தா ஈரோட்டு ஜவுளிக்கடைக்காரங்க உன்ற பேரைச் சொல்லித்தான் வெளக்கு ஏத்துவாங்களாட்ட இருக்குது. ஆடியில கண்ணாலங்காச்சி கெடையாது, ஏவாரம் படுத்துக்கும். தேங்குன சரக்கை என்ன பண்றதுன்னு மொதலாளி கன்னத்துல கையை வெச்சு உக்காந்திருக்கையில நீ போய் நிக்கறே பாரு, அதுதான் தருமம். அவன் குடோனைக் காலி பண்ணி உன்ற பீரோவை ரொப்பி உட்டுட்டான். வாடகை கேக்காத குடோன் அவனுக்கு வேற எங்க கெடைக்கும்?

அந்தக் கிளிப்பச்சைச் சட்டையை எடு பாக்கலாம். ஆகா, நல்லாத்தான் இருக்குது, ராத்திரியில ரோட்டைத் தாண்டும்போது லாரிக்காரனுக்குத் தெரியும். இதுக்குத் தோதா உங்கிட்டக் கால்சட்டை இருக்குதா? இல்லைல்ல. அப்ப அடுத்த ஞாயித்துக்கெழமை அதுக்கொண்ணு எடுக்கோணும். பொறவு அதுக்கேத்த பெல்ட்டு, அதுக்கேத்த செருப்பு. ஒத்தப் பொண்ணைக் கட்டிட்டு வந்தா பொறகாலயே மாமியாவூட்டுச் சனம் மொத்தமும் வந்து எறங்குன கதைதான். வெள்ளை, சந்தனம், வெளிர்நீலம்னு அஞ்சு சட்டை. கறுப்பு, சாம்பல், காக்கின்னு மூணு கால்சட்டை. எதை எதோட போட்டாலும் ஒண்ணோடொண்ணு மல்லுக்கு நிக்காது. பெருக்கிப் பாரு, 15 சோடி ஆச்சு. உன்ற கம்பெனியில வாரத்துக்கு அஞ்சு நாள்தானே வேலை? மூணு வாரத்துக்கு ஒருத்தனும் ஒண்ணும் கேக்கமாட்டான். ஆனா உனக்கு எதுக்கு இதெல்லாம், நீ கணக்கு படிச்சவன்.

படிச்சவன்ங்கறதாலதான் துணியை வெளிப்பக்கம் பாத்து வாங்கறே. சென்னிமலையில தறிக்குழியில உக்காந்து கெடந்த எங்களுக்கு அத்தனை அறிவு பத்தாது, உள்பக்கத்தைத் திருப்பித்தான் பாப்போம். தையலுக்கு உள்ள மடிச்ச துணி தாராளமா இருக்குதா, இல்லே கத்திரி போட்ட ஓரத்துலயே ஊசி ஓடுதா? கட்டம் போட்ட சட்டைன்னா பாக்கெட்டு வெச்ச எடத்துல கட்டம் கட்டத்தோட சேருதா? சேரலைன்னா தெச்சவனுக்கு அவசரம், காஜாவும் பொத்தானும் அதே அவசரத்துல வெச்சதுதான். காலரைப் புடிச்சுக் கசக்கிப் பாரு. உள்ள ஒட்டுன கேன்வாசு மட்டமா இருந்தா நாலு தொவையல்ல அம்மை போட்டாப்புல கொப்புளம் கெளம்பும். நெறத்தைக் கடை லைட்டுல பாத்து நம்பாதே. அந்த லைட்டு மொதலாளியோட பங்காளி. வாசலுக்குக் கொண்டாந்து வெயில்ல பாரு. ஈரக் கைக்குட்டையில ஓரத்தைத் தேய்ச்சா சாயம் நிக்குமா ஓடுமான்னு அங்கயே தெரிஞ்சுபோகும். சேல்ஸ் புள்ளை மொறைக்கும். மொறைக்கட்டும், காசு நம்முது.

‘நூறு பர்சன்ட் காட்டன்’னு எழுதியிருக்குதுங்கறியா? ஊட்டுக்கு வந்து ஓரத்துல ஒரு இழையை உருவித் தீக்குச்சி காட்டு. பருத்தின்னா காயிதம் எரியற வாசம் வந்து சாம்பலாப் பொடியும். உருகிக் கருமணியாட்ட இறுகுச்சுன்னா பாலியெஸ்டர். கடைக்குள்ளயே கொளுத்திப்போடாதே சாமி, உன்னை ஜாமீன்ல எடுக்க எனக்கு முட்டி வலி.

திருப்பூர் காதர்பேட்டைக்கும் போறயாமா? நல்ல எடந்தான். ஏத்துமதிக்குத் தெச்சு ஆர்டர் ரத்தான டீ சர்ட்டும் அங்க வரும், ஓட்டை விழுந்து தள்ளுனதும் வரும், ரெண்டும் ஒரே குவியல்ல கெடக்கும். வெளிச்சத்துக்கு நேரா விரிச்சுப் புடி. சீமைக்காரன் அளவு நம்மூரு அளவோட சேராது, லேபிள்ல இருக்கற எழுத்தை நம்பாம மேல வெச்சுப் பாரு. பக்கத்தையல் ரெண்டும் நேரா எறங்குதான்னு பாரு. கோணலா இருந்தா தொவைக்கத் தொவைக்கத் திருகிக்கிட்டுத் தொப்புளுக்கே வந்துரும். துணியோட கனத்தைச் சொல்ற ஜிஎஸ்எம் 180ன்னா நின்னு ஒழைக்கும். 140க்குக் கீழன்னா பனியனுக்குள்ள பனியன் போடோணும்.

செரி, கிளிப்பச்சை என்ன வெலை? 1,500 ரூவாச் சட்டை 600க்கா? அந்த 1,500ஐ எழுதுனவன் யாரு? வித்தவன்தானே! இதை நீ ரெண்டு தடவை போடுவே. ஒருக்காப் போட 300 ரூவா வாடகை. 1,200 ரூவாய்க்குக் கைத்தறிச் சட்டை எடுத்து நூறுதடவை போட்டீன்னா வாடகை 12 ரூவா. கோவப்படாதே, நீ சொல்றதும் நாயந்தான்: 900 மிச்சம். மறுக்கா சொல்லு, காதுக்கு எதமா இருக்குது.

திங்கக்கெழமை ராத்திரி ஈரோட்டுச் சந்தை கூடிரும், என்னையும் கூட்டிட்டுப் போ. நீ ஒண்ணும் வாங்கவேண்டாம், பையைத் தூக்குனாப் போதும். எனக்கு நாலு முழ வேட்டி ரெண்டு, உங்கம்மாயிக்கு ஒரு நூல்சீலை. காசுக்கு ஏன் வெசனப்படறே? அதான் 900 மிச்சம் புடிச்சு வெச்சிருக்கறயே, அதுல குடுத்துரு.