கேமராவைத் திட்டாத மருமவனே

மருமவனே, லினக்ஸ் பெட்டியில வெப்கேமரா ஓடலன்னு மூணு நாளா சோறு தண்ணி இல்லாம கெடக்கியாம்ல, உங்க அம்மா சொன்னா. கழட்டிச் சொருகியிருக்க. பெட்டியை அணைச்சுப் போட்டிருக்க. கடைசியா லினக்ஸையே அழிச்சிட்டுப் புதுசா ஏத்தியிருக்க. காலேஜ்ல கட்டின பீஸு வீண் போகல. ஒண்ணே ஒண்ணுதான் விட்டுப்போச்சு. 'நீ கேமராவைப் பாத்தியா'ன்னு கம்ப்யூட்டர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல.

டெர்மினலைத் திற. கறுப்பா இருக்கேன்னு பயப்படாத, கடிக்காது. 'எல்எஸ்யூஎஸ்பி'ன்னு சேத்து அடி. சொருகியிருக்கிறது எல்லாம் வரிசையா வரும். ஒவ்வொரு வரியிலயும் நாலெழுத்து, நடுவுல முக்கால்புள்ளி, திரும்ப நாலெழுத்து. முன்னால நிக்கிற நாலு கம்பெனியைச் சொல்லும், பின்னால நிக்கிற நாலு மாடலைச் சொல்லும். அட்டைப்பெட்டி மேல என்ன பவுசா பேரு அடிச்சிருந்தாலும் சரி, உள்ள இருக்கது எவன் சரக்குன்னு பெரும்பாலும் அந்த எட்டெழுத்துல வெளிய வந்துரும்.

கேமராவுக்கு வரியே இல்லையா? அப்போ லினக்ஸைத் திட்டாத, வயரைப் பாரு. முன்பக்கத்து ஓட்டையில ஒரு ஹப்பு, ஹப்புல ஒரு எக்ஸ்டென்ஷன், அதோட நுனியில கேமரான்னு நீ ரயில் விட்டிருப்ப, எனக்குத் தெரியாதா! பின்பக்கம் மதர்போர்டுல இருக்க ஓட்டையில நேரா சொருகு. பாதிப் பேருக்கு வைத்தியம் இங்கயே முடிஞ்சிரும். ஆனா இதைச் சொன்னா நம்ம இன்ஜினியருங்களுக்கு ரோசம் வந்துருது.

வரி இருந்தா அடுத்த கேள்வி, டிரைவர் ஒட்டுச்சா? 'சூடோ டிஎம்இஎஸ்ஜி'ன்னு அடிச்சு, கடைசியில வர வரிகள்ல 'யுவிசிவீடியோ'ன்னு ஒரு பேரு இருக்கான்னு பாரு. யுவிசிங்கிறது யூஎஸ்பி கேமரா எல்லாம் இப்படித்தான் பேசணும்னு 2003-ல போட்ட பொது விதி. அந்த விதிப்படி நடக்கிற கேமராவுக்கெல்லாம் ஒரே டிரைவர் போதும். லோரான் பின்ஷார்ன்னு ஒருத்தர் எழுதினாரு, 2008-ல லினக்ஸோட கருவான கெர்னல் 2.6.26-லயே சேத்துட்டாங்க. அதனால இப்ப கடையில கிடைக்கிற கேமராவுல முக்காவாசிக்குத் தனி டிரைவர் தேட வேண்டாம். பெட்டிக்குள்ள சிடி ஏதாவது வந்திருந்தா வயக்காட்டுல நூல்ல கட்டித் தொங்கவிடு. குருவி அண்டாது.

யுவிசிக்கு முந்தின காலத்துலதான் கூத்து. ஒவ்வொரு சிப்பும் ஒவ்வொரு பாஷை பேசும். பிரான்ஸ்ல மிஷேல் ஸார்னு ஒரு டாக்டர், ஓய்ஞ்ச நேரத்துல உக்காந்து 200-க்கு மேல கேமராவுக்கு டிரைவர் எழுதித் தள்ளினாரு. ஜிஎஸ்பிசிஏன்னு பேரு. அதுவும் 2008-லயே கெர்னலுக்குள்ள வந்துருச்சு. பிலிப்ஸ் கேமரா டிரைவர் கதை இன்னும் ருசி. படத்தை விரிக்கிற பகுதியை மட்டும் ஒருத்தரும் பாக்கமுடியாதபடி மூடி வச்சிருந்தாங்க. அந்த மூடின சாமானை மாட்டுற கொக்கி எங்க கெர்னல்ல வேண்டாம்னு கெர்னல்காரங்க 2004-ல கழட்டிட்டாங்க. எழுதினவரு கோவிச்சுக்கிட்டு, 'அப்போ என் டிரைவரே வேண்டாம், மொத்தமா எடுங்க'ன்னுட்டாரு. பொறவு லுக் சயார்ங்கிறவரு அந்த மூடினதைப் பிரிச்சுப் படிச்சு, திறந்தபடி எழுதிக் குடுத்தாரு. நீ என்னடான்னா டெர்மினலைத் திறக்கவே நல்ல நேரம் பாக்க.

சரி, டிரைவரும் ஒட்டியாச்சு. இப்ப 'டெவ்' அடைவுக்குள்ள எட்டிப் பாத்தா வீடியோ0, வீடியோ1-ன்னு ரெண்டு நிக்கும். ஒரு கேமரா வாங்கினா ஒண்ணு இலவசம்னு சந்தோசப்படாத. 2018-ல வந்த கெர்னல் 4.16-லருந்து, படத்தைப் பத்தின குறிப்புகளுக்குத் தனியா ஒரு வாசல் வச்சிருக்காங்க. அதைப் போய்த் தட்டினா படம் வராது. சுழியம் போட்டதைத் தேர்ந்தெடு.

அனுமதி இல்லைன்னு சொல்லுதா? இப்பத்திய உபுண்டு, ஃபெடோராவுல பெட்டி முன்னால உக்காந்து லாகின் பண்ணினவனுக்கு அது தானா கிடைக்கும். கிடைக்கலன்னாத்தான் 'வீடியோ' குழுவுல உன் பேரைச் சேக்கணும். 'யூசர்மாட்' கட்டளையில 'ஜி'க்கு முன்னால ஒரு சின்ன 'ஏ' வரும், அதை மட்டும் விட்டுராத. விட்டேன்னு வை, வீடியோ குழுவுல சேந்திருவ, மத்த குழுவுலருந்தெல்லாம் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளிரும். 'சூடோ' குழுவும் அதுல போயிரும். பொறவு உன் பெட்டிக்கு நீயே விருந்தாளி.

பிரவுசர்ல 'கேமரா பிஸி'ன்னு வந்தா அதுவும் லேசான காரியந்தான். இந்தக் கேமரா நம்மூரு பஸ் சீட்டு கணக்கா. ஒருத்தன் துண்டைப் போட்டுட்டான்னா அடுத்தவன் நிக்க வேண்டியதுதான். சோதிச்சுப் பாக்கேன்னு 'சீஸ்' நிரலைத் திறந்தே, அதை மூடினியா?

இப்ப உன் பெரிய சந்தேகத்துக்கு வாரேன். ரெண்டு கேமராவைச் சேத்து ஓட்டினப்போ 'சாதனத்தில் இடமில்லை'ன்னு ஒரு பிழை வந்துச்சு, உடனே நீ ஹார்டு டிஸ்க்குல இருந்த படத்தையெல்லாம் அழிச்ச. உங்க அக்கா கல்யாண வீடியோவும் அதுல போச்சாம்ல? அட மருமவனே, அது டிஸ்க்கு இடம் இல்ல, யூஎஸ்பி தடத்துல இடம். கணக்குப் போடு. 1280-க்கு 720 படம், புள்ளிக்கு ரெண்டு பைட்டு, நொடிக்கு 30 சட்டம், அதாவது ஃப்ரேம். சுருக்காம பச்சையா அனுப்பினா நொடிக்கு 442 மெகாபிட். யூஎஸ்பி 2.0-ல மொத்த வேகமே ஏட்டுக்கணக்குல 480தான். அதுலயும் கேமரா மாதிரி இடம் பிடிச்சு வச்சு அனுப்புற சாதனத்துக்கு 196-க்கு மேல ஒதுக்கமாட்டான். அதனாலதான் பச்சைப் படத்துல ஒத்தைக் கேமராவே நொடிக்குப் பத்து சட்டம்னு முக்கி முனகுது. ரெண்டாவதுக்கு இடம் எங்கருந்து வரும்? 'ஜியுவிசிவியூ'ன்னு ஒரு நிரல் இருக்கு, அதுல 'எம்ஜேபெக்'னு மாத்து. கேமராவே ஒவ்வொரு சட்டத்தையும் சுருக்கி அனுப்பும். அப்பவும் மல்லுக்கட்டினா ரெண்டாவது கேமராவை வேற யூஎஸ்பி கன்ட்ரோலர்ல சொருகு. கல்யாண வீடியோவுக்கு மட்டும் மாமனால ஒண்ணும் பண்ணமுடியாது. அக்காட்ட நீயே பேசிக்கோ.

அதே ஜியுவிசிவியூல மின்சார அதிர்வெண்ணுன்னு ஒரு பட்டியல் இருக்கும். அமெரிக்காக்காரன் கரண்டுக்கு 60 ஹெர்ட்ஸ். நம்ம கரண்டு 50. அதை 60-லயே விட்டுட்டு டியூப்லைட்டுக்கு அடியில உக்காந்தா மூஞ்சி மேல பட்டை பட்டையா ஓடும். பேய் பிடிச்சிருக்குன்னு உங்க ஆச்சி வேப்பிலையோட வருமுன்ன 50-க்கு மாத்திரு.

படம் வருது, சத்தம் வரலியா? கேமராவுல இருக்க மைக்கை லினக்ஸ் தனிச் சாதனமாத்தான் பாக்கும். சவுண்டு செட்டிங்ல போய் அதைத் தேர்ந்தெடுக்கணும். இதுக்கும் லினக்ஸை அழிச்சுத் தொலைக்காத.

பகல்ல நல்லா ஓடுது, ராத்திரி ஆனா படம் ஆமை வேகத்துல நகருதுங்கிறது உன் கடைசிப் புகார். வெளிச்சம் பத்தலன்னா பல கேமரா ஒவ்வொரு சட்டத்துக்கும் கூடுதல் நேரம் கண்ணைத் திறந்து வைக்கும், அதனால சட்டம் குறைஞ்சிரும். டிரைவர்ல ஒரு பழுதும் இல்ல. நாளைக்கு இன்டர்வியூவாம்ல? பத்து ரூவா மிச்சம் பிடிக்கேன்னு அணைச்சு வச்சிருக்கியே அந்த லைட்டு, அதைப் போட்டுட்டு உக்காரு.