ரெண்டு பக்கமும் எடுங்க அண்ணாச்சி

அனுப்புநர்: செராக்ஸ் கடைக்காரர் ஒருவர், சங்கரன்கோவில்.

பெறுநர்: காப்பாளர் அவர்கள், மகளிர் விடுதி (விடுதியின் பெயரை எழுதினால் என் பிள்ளைக்கு அடுத்த அவுட்பாஸ் கிடைக்காது என்பதால் விடப்பட்டுள்ளது).

பொருள்: விடுதி விதிமுறைகளைப் பாராட்டுதல், விடுபட்ட பக்கத்தை நிரப்பக் கோருதல் தொடர்பாக.

பார்வை: தாங்கள் வழங்கிய விதிமுறைத் தாள், விதிகள் 1 முதல் 41 வரை.

அம்மா, வணக்கம்.

தங்கள் விதிமுறைத் தாளை இந்த ஊரில் என்னளவுக்குப் படித்தவர் வேறு யாரும் இருக்க முடியாது. பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து எங்கள் ஊர்க் கோவிலில் ஆடித்தபசுக்குக் கொடியேறும் வரை என் மெஷினில் ஓடுவது அதுதான். டி.சி., சாதிச் சான்றிதழ், ஆதார், அதற்கும் அடியில் தங்கள் விதிமுறை. தகப்பன்மார் யாரும் அதை வாசிப்பதில்லை. "எங்க கையெழுத்துப் போடணும்" என்று மட்டும் கேட்பார்கள். நான் வாசிப்பேன். மெஷின் சூடேறி நிற்கும்போது எனக்கு வேறென்ன வேலை? இந்த வருடம் என் மகள் பெயருக்கே ஒரு தாள் வந்துவிட்டதால் கொஞ்சம் கூடுதல் பக்தியோடு வாசித்தேன்.

மூன்று பக்கம். இரண்டாவது தாளின் முதுகு வெறுமையாக இருக்கிறது. அந்த வெற்றுப் பக்கத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் பாராட்டிவிடுகிறேன். விதி 17, மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது பேசக் கூடாது என்கிறது. விதி 22, உணவின் தரம் பற்றிச் சக மாணவியரிடம் கருத்துப் பரிமாறக் கூடாது என்கிறது. சாம்பாரை அவரவர் தனிமையில் உணர்ந்துகொள்ள வேண்டும் என்ற உயர்ந்த நோக்கம் எனக்குப் புரிகிறது. பார்வையாளர் அட்டையில் இரண்டே இரண்டு போட்டோ ஒட்ட இடம் விட்டிருக்கிறீர்கள்: அப்பா, அம்மா. மடியில் உட்கார வைத்துக் காது குத்திய தாய்மாமன், பழத்தோடு வந்து கேட் வாட்ச்மேனிடம் கெஞ்சிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினான். சீர் செய்ய அவன் வேண்டும். சீப்பு பழம் கொடுக்க அவன் ஆகாது. நல்ல சட்டம்தான்.

தங்கள் கல்லூரியின் ஆண்கள் விடுதித் தாளும் என் கடைக்கு வருகிறது. அதே முத்திரை, அதே முதல்வர் கையெழுத்து. ஆனால் அரைப் பக்கம்தான். அதில் நேரக் கட்டுப்பாடு பற்றி ஒரு வரி உண்டு: "இரவு 9.30 மணிக்குள் விடுதிக்குத் திரும்புவது விரும்பத்தக்கது." விரும்பத்தக்கது! மாணவிகள் தாளில் இந்தச் சொல்லைத் தேடித் தேடிப் பார்த்தேன், 41 விதியிலும் இல்லை. அங்கே எல்லாமே "கூடாது", "தண்டனைக்குரியது", "பெற்றோர் வரவழைக்கப்படுவர்". பையனைப் பெற்றவர் ஒரு நகல் காசில் வேலையை முடித்துக்கொண்டு போகிறார். பெண்ணைப் பெற்றவரிடம் நான் மூன்று மடங்கு வாங்குகிறேன். என் பிழைப்புக்கு வழி செய்த வகையில் தங்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

விதி 3-க்கு வருவோம். மாலை 6 மணிக்குள் மாணவியர் அனைவரும் விடுதிக்குள் இருக்க வேண்டும். இந்த ஆறு மணியை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று ரொம்ப நாளாக யோசிக்கிறேன். ஆறு மணிக்கு எங்கள் ஊரில் தறிச் சத்தம்கூட ஓய்ந்திருக்காது. விசைத்தறிக் கூடத்தில் வேலை முடித்த பெண்கள் அப்போதுதான் காய்கறிப் பையோடு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்துகொண்டிருப்பார்கள். அவர்களிலேயே சிலர் விடியுமுன் எழுந்து மல்லிகை பறிக்கவும் போக வேண்டும். யாரிடமும் அவுட்பாஸ் கிடையாது. அவர்கள் மகள்களில் ஒருத்தி தங்கள் விடுதியில் இருக்கிறாள். அம்மா நடமாடுகிற நேரத்தில் மகளை உள்ளே வைத்துப் பூட்டுகிறீர்கள். மாதா மாதம் அதற்குப் பணம் கட்டுவது அந்த அம்மாதான்.

எங்கள் ஊர் வழக்கில் இந்த விதியை முதலில் மீறியவள் கோமதி அம்மன். சிவனும் பெருமாளும் ஒன்றாக நிற்கும் கோலத்தைப் பார்க்க வேண்டுமென்று, கயிலாயத்தை விட்டுக் கிளம்பி எங்கள் ஊர்ப் புன்னைவனத்துக்கு வந்து தவம் இருந்தவள். தங்கள் அவுட்பாஸ் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் மூன்று கட்டம்தான் இருக்கிறது: திருமணம், மருத்துவம், துக்கம். தவத்துக்கு டிக் பண்ண இடமில்லை. திரும்பும் நேரம் என்ற கட்டத்தில் அவள் என்ன எழுதுவாள்? "சுவாமி காட்சி கொடுத்த பிறகு" என்றுதான் எழுத முடியும். ஆடித்தபசு அன்று காலையில் தபசு மண்டபத்துக்குப் போகிறவளுக்குச் சாயங்காலம் சங்கரநாராயணராக ஒரு காட்சி, ராத்திரி சங்கரலிங்கமாக இன்னொரு காட்சி. இரண்டும் முடிந்து கோவிலுக்குத் திரும்பும்போது விதி 3-ன்படி கேட் பூட்டி மணிக்கணக்கு ஆகியிருக்கும். அன்றைக்கு ரத வீதியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு பருத்தியும் வத்தலும் சூறை விடுகிற கூட்டத்தில் பாதிக்கு மேல் பெண்கள்தான். தாங்களும் ஒரு வருடம் வந்து பாருங்கள். பெற்றோர் கையெழுத்தோடு.

"எல்லாம் பாதுகாப்புக்காகத்தான்" என்று பெற்றோர் கூட்டத்தில் சொன்னீர்கள். கைதட்டினோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2015-ம் ஆண்டு விதிமுறைகளிலேயே, பாதுகாப்பைக் காரணம் காட்டி மாணவியர் விடுதிக்கு மட்டும் ஆண்களுக்கு இல்லாத பாகுபாடான விதிகளைப் போடக் கூடாது என்று எழுதிவைத்திருக்கிறது. தங்கள் கல்லூரிக்கு வந்த பிரதி எந்த பீரோவில் இருக்கிறதோ தெரியாது. வேண்டுமானால் என் கடையில் ஒரு நகல் எடுத்துத் தருகிறேன், காசு வேண்டாம்.

தங்கள் கட்சிக்கும் ஆள் இல்லாமல் இல்லை. 2022-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி மாணவியர், இரவு 9.30-க்கு மேல் விடுதி வாசலைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாடு எங்களுக்கு மட்டும் ஏன் என்று கேரள உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். அங்கே சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம் வைத்த வாதங்களில் ஒன்று, மூளை முழு முதிர்ச்சி அடைவது 25 வயதில்தான் என்பது. நல்ல வாதம். 18 வயதில் ஓட்டுப் போடலாம், அதற்கு மூளை தேவையில்லை என்று விட்டுவிடலாம். 25 வயதில் எம்.எல்.ஏ. ஆகலாம். ஆக, மூளை முற்றிய அன்று காலையிலேயே வேட்புமனு கொடுத்துவிட வேண்டியதுதான். அந்த மாணவிகள் படித்து முடித்ததும் அதே ஆஸ்பத்திரியில் ராத்திரி டூட்டியில் பிரசவம் பார்க்கப் போகிறவர்கள் என்பதை மட்டும் அந்த வாதம் கவனிக்கவில்லை. நீதிபதி தேவன் ராமச்சந்திரன் கேட்ட கேள்விகளுக்குப் பிறகு, அந்த டிசம்பரில் ஆண், பெண் இருபாலருக்கும் ஒரே நேரம் என்று கேரள அரசு உத்தரவு போட்டது. தாங்களும் அந்த வழியில் போய் பையன்களையும் ஆறு மணிக்குப் பூட்டிவிடாதீர்கள், அம்மா. டீக்கடைக்காரர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள்.

செல்போன் விதியிலும் தங்களுக்கு முன்னோடி உண்டு. கோழிக்கோடு அருகே சேளன்னூர் ஸ்ரீ நாராயண குரு கல்லூரி மகளிர் விடுதியில் முதலில் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை போன் கூடாது என்றிருந்தார்கள். அப்புறம் அதை மாலை ஆறிலிருந்து பத்து வரை என்று மாற்றினார்கள். மறுத்த மாணவி விடுதியை விட்டு வெளியேற்றப்பட்டார். 2019 செப்டம்பரில் கேரள உயர்நீதிமன்றம், இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று சொல்லி அவரைத் திரும்பச் சேர்க்க வைத்தது. தங்கள் விடுதியில் இரவு 9 மணிக்குப் போன் அலுவலக அலமாரிக்குள் போகிறது. தங்கள் கல்லூரிப் பேராசிரியர் 9.15-க்கு வாட்ஸ்அப்பில் அசைன்மென்ட் அனுப்புகிறார், கடைசி நேரம் நள்ளிரவு 12 மணி. அலமாரிக்குள் போன்கள் தங்களுக்குள் பேசி எழுதி அனுப்பிவிடும் என்று ஒருவேளை அவர் நம்புகிறாரோ என்னவோ.

சாப்பாட்டு விஷயம் கொஞ்சம் பெரியது. வெளி உணவு கூடாது, அசைவம் எந்த வடிவிலும் கூடாது என்பது விதி 24. எங்கள் ஊரிலிருந்து வருகிற தகப்பனிடம் பிரியாணிப் பொட்டலம் இல்லாமல் வா என்று சொல்வது, கோவிலுக்குப் போய்ப் புற்றுமண் எடுக்காமல் வா என்பதற்குச் சமம். போன மாதம் என் பொட்டலம் கேட்டிலேயே பறிமுதல் ஆனது. அதன் பிறகு அது எங்கே போனது என்று நான் கேட்கவில்லை. வாட்ச்மேன் அறையிலிருந்து வந்த வாசனை நல்லபடியாகத்தான் இருந்தது.

நெல்லைச் சீமைக்காரனுக்கு விடுதிச் சாப்பாட்டு விதி என்றாலே சேரன்மாதேவி ஞாபகம் வந்துவிடும். வ.வே.சு. ஐயர் தேசபக்தியோடு தொடங்கிய குருகுலம் அது. காங்கிரஸ் 10,000 ரூபாய் தருவதாகச் சொல்லி 5,000 கொடுத்தது. பிராமணப் பிள்ளைகள் சிலருக்குத் தனிப் பந்தி என்ற ஒரே ஒரு மெஸ் விதி, 1925 வாக்கில் தமிழ்நாட்டு அரசியலையே புரட்டிப் போட்டது. வரதராஜுலு நாயுடு எழுதினார், பெரியார் கொதித்தார், காந்தி வரை பஞ்சாயத்துப் போனது. அதெல்லாம் பழங்கதை என்று ஒதுக்கவும் முடியாது. 2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி. மெஸ் ஒன்றில் சைவத்துக்குத் தனி வாசல், தனிக் கை கழுவுமிடம் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். கை கழுவுவதிலும் பந்தி பிரித்தார்கள். விதி 24-ஐ எழுதிய கை இதையெல்லாம் நினைத்து எழுதியிருக்காது, பாத்திரம் கழுவும் ஆளை நினைத்துத்தான் எழுதியிருக்கும் என்று நான் நம்ப விரும்புகிறேன்.

அரசு விடுதிகளைப் பார்த்தாவது ஆறுதல் கொள்ளலாமா என்றால், கல்லூரி மாணவருக்கு உணவுப்படி 2023-ல் மாதம் 1,100-லிருந்து 1,500 ரூபாயாக உயர்ந்தது. நாளுக்கு 50 ரூபாய், மூன்று வேளைக்கும் சேர்த்து. 2025 ஜூலையில் அந்த விடுதிகளுக்கெல்லாம் சமூகநீதி விடுதி என்று பெயர் வைத்தார்கள். பெயர் நன்றாக இருக்கிறது. போர்டு மாற்றின கையோடு உலையிலும் கொஞ்சம் கூடுதலாகப் போட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

ஒரு தாளை மட்டும் நான் கேலி செய்ய மாட்டேன். ராகிங் செய்ய மாட்டேன் என்று பிள்ளையும் பெற்றவரும் கையெழுத்திடுகிற உறுதிமொழிப் பத்திரம். 1996 நவம்பரில் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் பொன் நாவரசு கொல்லப்பட்ட பிறகு, 1997-ல் இந்தியாவிலேயே முதன்முதலாகத் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அதை நகல் எடுக்கும்போது இன்றைக்கும் கை ஒரு நிமிஷம் நிற்கும். ஆனால் அம்மா, அந்தப் பிள்ளை செத்தது நடுரோட்டில் இல்லை. இரவுக் காட்சி சினிமா பார்த்துத் திரும்பும் வழியில் இல்லை. விடுதிக்கு உள்ளே, ஒரு அறையில். தங்கள் 41 விதிகளையும் ஒருமுறை இந்தக் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். பெரும்பாலும் கேட்டுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நிற்கின்றன. உள்ளே என்ன நடக்கிறது, அதற்கு யார் பொறுப்பு என்று சொல்ல ஒரு வரிகூட இல்லை. விதி 40-ல் மட்டும் இருக்கிறது: "விடுதியில் நேரும் எந்த இழப்புக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல."

இப்போது அந்த வெற்றுப் பக்கம். விதிகளை மாற்றவும் சேர்க்கவும் நிர்வாகத்துக்கு முழு உரிமை உண்டு என்று விதி 41 சொல்வதால், தங்களுக்குச் சிரமம் வேண்டாமென்று பின்பக்கத்தை நானே டைப் செய்து அச்சடித்துவிட்டேன். காகிதம் என்னுடையது, மை என்னுடையது.

அதில் இப்படி இருக்கிறது: இந்த விடுதி, 2014-ம் ஆண்டின் தமிழ்நாடு மகளிர் மற்றும் குழந்தைகள் விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி ஆட்சியரிடம் பெற்ற உரிமத்தின் எண் ஒன்று உண்டு, அது வாசல் போர்டில் எழுதப்படும். குளியலறைக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் உண்டு, அந்தத் தாழ்ப்பாளுக்குத் திருகாணியும் உண்டு. ராத்திரி இரண்டு மணிக்குக் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வண்டியும் ஆளும் உண்டு. "காலைல பாப்போம், தூங்கு" என்பது மருந்தாகக் கருதப்படாது. தண்ணீர் வராத நாளுக்குக் கட்டணத்தில் கழிவு உண்டு. காப்புத் தொகை, காலி செய்த மாதத்திலேயே திருப்பித் தரப்படும். "அக்கவுண்டன்ட் லீவு" என்ற காரணம் ஒரு முறைக்கு மேல் செல்லாது. ஒரு மாணவி காப்பாளரிடம் வந்து ஒரு விஷயம் சொன்னால், அவள் சொன்னதை முதலில் எழுதி வாங்கிக்கொண்ட பிறகுதான் அவள் அப்பாவுக்குப் போன் போடப்படும். மொட்டை மாடியில் பேசலாம்.

கீழே தங்கள் கையெழுத்துக்கும் முதல்வர் கையெழுத்துக்கும் இடம் விட்டிருக்கிறேன். இரண்டு சாட்சிகள் வேண்டும். மெஸ் ஆயா ஒருவர், வாட்ச்மேன் ஒருவர் போதும். நாங்கள் கொடுத்தது போலவே முத்திரைத்தாள் பத்திரத்தில், நோட்டரி முத்திரையோடு, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒட்டி, மூன்று செட் எடுத்து, வருகிற திங்கட்கிழமை மாலை 6 மணிக்குள் என் கடையில் சேர்த்துவிடக் கேட்டுக்கொள்கிறேன். தாமதமானால் தங்கள் விதி 36-ல் உள்ளபடியே நாளொன்றுக்கு 50 ரூபாய் அபராதம். காசாகத்தான் கட்ட வேண்டும், ரசீது கிடையாது. அதுவும் தங்கள் விதிதான்.

இப்படிக்கு,
பார்வையாளர் அட்டையில் இடது பக்கப் போட்டோவில் இருப்பவர்

இணைப்பு: பின்பக்கம் (1).
நகல்: தாய்மாமனுக்கு.