காலைக் கைகழுவுவது எப்படி?

சர்க்கரை வந்து பத்து வருஷம் ஆகியும் இரண்டு காலும் முழுசாக இருக்கிறதா? விடுங்கள், கொஞ்சம் அலட்சியம் போதும்.

முதலில், உள்ளங்காலைப் பார்க்கவே பார்க்காதீர்கள். தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்த்தால் கொப்புளம் கண்ணில் படும். பட்டால் டாக்டரிடம் போகத் தோன்றும். காரியம் கெட்டது.

காலில் முன்பிருந்த எரிச்சல் போய் மதமதப்பு வந்திருக்கிறதா? "இப்ப வலியே இல்லை" என்று நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லுங்கள். டாக்டர் ஒரு நைலான் இழையைப் பாதத்தில் வைத்து அழுத்தி, "தெரியுதா?" என்பார். 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற இழை அது. தெரியாவிட்டாலும் தலையாட்டிவிடுங்கள். என் பெரியப்பா அப்படித்தான் ஆட்டினார். அடுத்த வாரம் மார்க்கெட்டிலிருந்து திரும்பியவரை பெரியம்மா வாசலிலேயே நிறுத்தி, "ஏங்க, இது யார் ரத்தம்?" என்றாள். செருப்பைத் துளைத்துக்கொண்டு ஓர் ஆணி. அதன்மேல்தான் வீடுவரை நடந்து வந்திருக்கிறார்.

எம்.சி.ஆர். செருப்பு வேண்டவே வேண்டாம். தொழுநோயாளிகளின் மரத்துப்போன பாதங்களுக்காக வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் காலத்தில் உருவான ரப்பர் அது. கல்யாண வீட்டுக்குப் பொருந்துமா? ஷூ வாங்குவதானால் காலையிலேயே போய்விடுங்கள். சாயங்காலம் பாதம் உப்பியிருக்கும், சரியான அளவு தெரிந்துவிடும்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்கள் பாதி வேலையை முடித்துவிடுகிறார்கள்: மத்தியான வெயில், தார் ரோடு, வெறுங்கால். மீதிக்கு, ஊர் திரும்பியதும் கல்லுப்பு போட்ட வெந்நீரில் காலை விடுங்கள். சூடு பார்க்க முழங்கையை நனைத்துவிடாதீர்கள். அதற்கு உணர்ச்சி இருக்கிறது.

கால் ஆணியை நீங்களே பிளேடால் சீவலாம். மனசு வராவிட்டால் மெடிக்கல் ஷாப்பில் ஆசிட் பிளாஸ்திரி கிடைக்கும். ஆணி எது, நல்ல தோல் எது என்று அது பார்க்காது.

பாதம் வலிக்காமலே வீங்கிச் சிவந்து சுடுகிறதா? உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம். சுளுக்கு என்று சொல்லி எண்ணெய் போட்டு நன்றாக உருவச் சொல்லுங்கள்.

பெரியப்பாவுக்கு இப்போது இடதுகாலில் மூன்று விரல். வீட்டுக்குள்ளும் செருப்புதான். தினமும் ராத்திரி பெரியம்மா டார்ச் அடித்து, விரலிடுக்கு வரை பிரித்துப் பார்க்கிறாள்.

"கூச்சமா இருக்கு, விடு" என்பார் அவர்.

எந்தக் கூச்சம் என்று அவள் கேட்பதில்லை.