ஐஸ் வைக்காத தலைமை ஆசிரியை

(மணமேல்குடி வாசகர் ஒருவர் மூன்று கேள்விகளை ஒரே அட்டையில் அனுப்பியிருக்கிறார். சிக்கனக்காரர்!)

மேலிடத்துக்கு ஐஸ் வைக்காமல் பெண்கள் பள்ளி நடத்த முடியுமா?

ஐஸ் ஹவுஸிலேயே நடத்திக் காட்டியிருக்கிறார்களே! அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய சென்னைக் கட்டடம் அது. பின்னாளில் சகோதரி சுப்பலட்சுமி அங்கே இளம் விதவைகளைத் தங்கவைத்துப் படிக்க வைத்தார். அவரும் 11 வயதில் விதவையானவர்தான். 1911-இல் பி.ஏ. முடித்தார். தெருவில் போனால் ஏச்சு. அதற்காகப் பள்ளிக்கு ஒரு நாள்கூட விடுமுறை விட்டதில்லை என்றே நினைக்கிறேன். அவர் தொடங்கிய சாரதா வித்யாலயாவில் இன்றும் மணி அடிக்கிறது.

இதெல்லாம் சென்னைப் பெருமை. நம் புதுக்கோட்டைச் சீமைக்கு என்ன பங்கு?

1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர் முத்துலட்சுமி ரெட்டி. ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில் அவரைச் சேர்க்கக் கூடாது என்று பையன்களின் பெற்றோர்கள் கொதித்தார்கள். மன்னர் சேர்க்கச் சொன்னார். பையன்கள் கெடவில்லை, பெண் டாக்டரானார். அடையாறு அவ்வை இல்லமும் அவர் தொடங்கியதுதான்.

பெண் தலைமை ஆசிரியையின் கீழ் ஆண்கள் வேலை பார்ப்பது கௌரவக் குறைச்சல் இல்லையா?

உங்கள் ஊர்க்காரரைக் கேளுங்கள். மணமேல்குடியில் பிறந்த குலச்சிறையார் பாண்டிய நாட்டு மந்திரி. அரசி மங்கையர்க்கரசியாருக்குப் பக்கபலமாக நின்றார். கௌரவம் குறையவில்லை; நாயன்மார் 63 பேரில் ஒருவராகிவிட்டார். தாளாளர்கள் கவனிக்க!