ஒரு செயலியும் இரண்டு பங்காளிகளும்

நீதி குறித்து உலகில் எழுந்த நூல்கள் எல்லாம் மனிதரையே மனத்தில் கொண்டவை. ஒரே கணினிக்குள் எதிரெதிரே அமர்ந்து செஸ் ஆடும் இரண்டு எஞ்சின்களுக்குச் செயலியை எப்படிப் பங்கிடுவது என்பது பற்றி அவை வாய் திறக்கவில்லை. இக்குறையை நீக்கப் புகுந்த இவ்வாராய்ச்சியின் துணிபு ஒன்றே: கடிகாரம் இந்த வழக்கில் சாட்சி ஆகாது, தன் முறை வந்தபோது செயலி முழுவதும் தன் வசம் இருந்ததா என்பதே கேள்வி. 1997இல் ஐபிஎம்மின் டீப் புளூ கணினியோடு மோதிய காஸ்பரோவ் தம் மூளையைத் தாமே கொண்டுவந்தார். ஐபிஎம் தன் 480 செஸ் சில்லுகளைத் தானே கொண்டுவந்தது. ஒருவர் சொத்தில் மற்றவர் கைவைக்க வழியில்லாததால், புகழ்பெற்ற அப்போட்டி நமக்கு எவ்வகையிலும் உதவாது.

சிக்கலின் வேர் 'பாண்டரிங்' எனப்படும் பழக்கம். எதிராளியின் நேரத்தில் தானும் யோசிப்பது. தனித்தனிக் கணினி என்றால் அது சாமர்த்தியம். ஒரே கணினி என்றால், பங்காளிகளின் பொதுக் கிணற்றில் அடுத்தவன் முறையன்று மோட்டார் போடுவதற்கு ஒப்பு. இயங்குதளம் பார்த்துக்கொள்ளாதோ எனின், பார்த்துக்கொள்ளாது என்க. லினக்ஸில் 2007இல் சேர்ந்த நேரப் பங்கீட்டு நிரலுக்கு 'முற்றிலும் நியாயமானது' என்றே பெயர். (தன் பெயரிலேயே நற்சான்றிதழ் வைத்திருக்கும் எதையும் ஐயுறுவது ஆராய்ச்சி மரபு.) அதன் நியாயம் இயல்பில் இழைக்கு (த்ரெட்) இழை பார்க்கும் நியாயம்: செயலியின் ஒரே கோரில் நான்கு இழைகளோடு வரும் எஞ்சினுக்கு நான்கு பங்கு, ஒற்றை இழைக்காரனுக்கு ஒரு பங்கு. ஹைப்பர்த்ரெடிங் உள்ள சில்லில் ஒரு கோர் இரண்டாகத் தோன்றும். ஆளுக்கொன்று கொடுத்தால் இருவருக்கும் அரைகுறை. உண்மையிலேயே வேறுவேறு கோர்கள் என்றாலும் கேஷில் ஒரு பகுதி பொது, சூடும் பொது. பக்கத்துக் கோர் உழைக்கத் தொடங்கினால் இந்தக் கோரின் டர்போ வேகம் இறங்கும். பாண்டரிங்கை அணைத்துவிட்டாலும் நிம்மதி இல்லை. உள்ளீடு வந்ததா, வந்ததா என்று ஓயாமல் எட்டிப் பார்த்தபடியே செயலியைத் தின்னும்படி எழுதப்பட்ட எஞ்சின்கள் உண்டு. சும்மா இருப்பது எவ்வளவு அரிது என்று நம் பெரியவர்கள் சொன்னது மென்பொருளுக்கும் பொருந்தும் போலும்.

இனிப் பரபக்கம். இருவருக்கும் கடிகாரம் ஒன்றுபோல ஓடினால் போதும் என்பார் ஒரு சாரார். அவர்களுக்கு ஆல்பாசீரோ, ஸ்டாக்ஃபிஷ் என்னும் எஞ்சின்கள் மோதி, 2017 டிசம்பரில் வெளியான முடிவுகளே விடை. இரு தரப்புக்கும் நகர்த்தலுக்கு 1 நிமிடம். ஆனால் ஆல்பாசீரோவுக்கு 4 டிபியு சில்லுகள், ஸ்டாக்ஃபிஷுக்கு 64 இழைகளும் 1 ஜிபி ஹாஷ் நினைவகமும். 100 ஆட்டங்களில் ஆல்பாசீரோ 28 வென்றது, 72 சமன், தோல்வி இல்லை. ஹாஷ் போதாது, நேரத்தைச் சேமித்து வேண்டிய இடத்தில் செலவிடும் கலையையே பறித்துவிட்டார்கள் என்று ஸ்டாக்ஃபிஷை உருவாக்கியோரில் ஒருவரான டோர்ட் ரோம்ஸ்டாட் குறைபட்டார். 2018இல் வெளியான 1000 ஆட்டங்களில் ஸ்டாக்ஃபிஷுக்கு 32 ஜிபி ஹாஷ், 44 கோர், ஆளுக்கு 3 மணி நேரம் என ஆல்பாசீரோ தரப்பினர் திருத்தினார்கள். ஆல்பாசீரோ 155 வென்று 6 தோற்றது. வென்றவர் மாறவில்லை, முணுமுணுப்புதான் குறைந்தது. நியாயத்திடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பது பேராசை.

நேரத்தை விட்டுவிட்டு, ஆராயும் நிலைகளை எண்ணிச் சமமாக்கலாம் என்பது மறுசாரார் கொள்கை. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 2017இல் ஸ்டாக்ஃபிஷ் வினாடிக்கு 7 கோடி நிலைகளைப் பார்த்தது, ஆல்பாசீரோ 80,000. எண்ணிக்கையைச் சமமாக்கினால் ஒரு நிலையை நிதானமாக மெல்லுபவருக்கே முழு விருந்தும் போய்ச் சேரும். 2020இல் நரம்பு வலை ஏற்ற ஸ்டாக்ஃபிஷும் வேகம் குறைந்து பலம் கூடியது. மேலும், எண்ணிச் சொல்வது அந்தந்த எஞ்சினே. தராசைக் குற்றவாளிக்கூண்டில் நிற்பவரிடமே கொடுப்பது எந்த நீதிமன்றத்திலும் இல்லாத வழக்கம். எதிராளியின் நேரத்தில் யோசிப்பதும் ஆட்டத்திறனில் ஒரு பகுதிதானே என்பது மூன்றாம் தடை. அஃது ஒக்கும். ஆயினும் எஞ்சின்களுக்கென 2010 முதல் நடக்கும் டிசிஇசி போட்டிகள் பாண்டரிங்கை விலக்கியே நடக்கின்றன. ஆட்டத்தின் சுவை அதனால் கெட்டதாகத் தெரியவில்லை.

ஆகவே தீர்ப்பு: பாண்டரிங்கை அணைக்க, இழையும் ஹாஷும் சமமாக வைக்க, வெள்ளையும் கருப்பும் மாற்றி மாற்றித் தருக, ஆட்டம் முடியும்வரை அந்தக் கணினியில் சினிமா பார்க்காதிருக்க. பாண்டரிங் இல்லாமல் முடியாது என்போர் இன்னொரு கணினி வாங்கிக்கொள்ளட்டும்.