முட்டுக் குடுக்கிறவன் பொழப்பு

என்னலே பேராண்டி, ரக்பிக்காரன் ஆகணும்னு பவுடரைக் கலக்கிக் குடிச்சிட்டுத் திரியுதியாமே? கண்ணாடி முன்னால நின்னு புஜத்தை வேற மடக்கிப் பாக்கியாம். சித்த உக்காரு. அயர்லாந்துல டைக் ஃபர்லாங்னு ஒருத்தன் இருக்கான். அவன் சங்கதியைக் கேட்டுட்டு அப்புறம் மடக்கு.

வெக்ஸ்ஃபோர்டு மாவட்டத்துல கேம்பைல்னு சின்ன ஊரு. 1992-ல பொறந்த சம்சாரி வீட்டுப் புள்ள. ஆளு 120 கிலோவுக்குக் கொறையாது. 3-ஆம் நம்பர் சட்டை. சோலி என்னன்னா, முட்டுறது. ஸ்க்ரம்னு ஒண்ணு உண்டுல்லா? எட்டுக்கு எட்டுப் பேரு குனிஞ்சு, தோளோட தோள் கோத்துத் தள்ளுவானுவ. முன்வரிசையில இடது ஓரத்துக்காரனுக்கு ஒரு தோளாவது வெளிய காத்து வாங்கும். வலது ஓரத்துல நிக்கிற இவன் தலை, எதிராளி ரெண்டு பேரு நடுவுல போயி மாட்டிக்கிடும். முன்னால எட்டுப் பேரு தள்ளுவான், பின்னால இருந்து சொந்த ஆளே நெருக்குவான். உரல்ல தலையைக் குடுத்தவன் உலக்கைக்குப் பயப்படலாமா?

இப்ப என்ன கூத்துன்னா, ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல ஜிபிஎஸ் பெட்டி ஒண்ணைச் சொருகி விடுதான். எத்தனை மீட்டர் ஓடுனான், என்ன வேகம், எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போயிருது. காலையில கண்ணு முழிச்சா கேள்வித்தாளு வேற. நல்லாத் தூங்குனியா? எங்க வலிக்கி? ஏலே, எட்டுப் பேரை எதுத்து முட்டிட்டு வந்து படுத்தவன்கிட்ட கேக்குற கேள்வியா இது? எங்க வலிக்கலன்னு கேட்டா பதிலு சுருக்கமா முடிஞ்சிரும்லா?

1995 வரைக்கும் இந்த ஆட்டத்துக்குச் சம்பளமே கெடையாது, தெரியுமா? பாலிமீனா கிளப்புல ஆடுன வில்லி ஜான் மெக்பிரைடு, பேங்க்ல வேலை பாத்தவரு. லயன்ஸ் அணிக்கு அஞ்சு சுற்றுப்பயணம் போனாரு. அயர்லாந்து, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ்னு நாலு நாட்டுலயும் பொறுக்கி எடுத்த அணி அது. 1974-ல தென்னாப்பிரிக்காவுக்கு அவருதான் கேப்டன். ஒரு ஆட்டங்கூடத் தோக்காமத் திரும்புனாவ. அவரு எத்தனை மணி நேரம் தூங்குனாருன்னு எவன் குறிச்சு வச்சான்?

இந்தக் காலத்துப் பயலுவ சும்மா திங்கான்னு சொல்ல மாட்டேன். 2018 மார்ச் 17, லண்டன் ட்விக்கன்ஹாம் மைதானம். இங்கிலாந்துக்காரன் எல்லாம் ஃபர்லாங் முட்டப் போறான்னு நெனச்சு நிக்கான். இவன் பந்தை வாங்குன கையோட பைய ஒரு தட்டுத் தட்டி கூட்டாளி பண்டி ஆக்கிகிட்ட குடுத்துட்டான். ஆக்கி கிழிச்சுக்கிட்டுப் போயி இன்னொரு கூட்டாளி ஸ்டாண்டர்கிட்ட குடுக்க, டிரை. 24-15, அயர்லாந்துக்கு எல்லா ஆட்டமும் ஜெயிச்ச கிராண்ட் ஸ்லாம். அந்தத் தட்டை எந்தப் பெட்டி மீட்டர் போட்டு அளக்கும்?

லயன்ஸ்ல 2017, 2021, 2025 மூணு பயணத்துலயும் மொத்தம் 9 டெஸ்டு. ஒம்பதுலயும் மொத விசில்லயே களத்துல நின்னான். கடைசிப் பயணத்துக்கு முந்தி காலு படுத்துன பாட்டுல நிறைய ஆட்டம் போச்சு. ஆளு அவ்வளவுதான்னு பேசுன வாய்க்குப் பூட்டு எங்க வாங்கன்னு தெரியலை.

ஆனா ஒண்ணு, இந்த ஒடம்பு முப்பத்தஞ்சு, முப்பத்தாறுக்கு மேல தாங்காது. அதை அயர்லாந்து சர்க்காரு வெளங்கி வச்சிருக்கு பாரு. 2002-ல இருந்து ஒரு சட்டம் இருக்கு. ஆட்டத்தை விட்டு ஓய்வு எடுத்தபெறகு, ஆடிச் சம்பாதிச்சதுல 40 சதவீதத்தைக் கழிச்சுக் கணக்குக் காட்டி, பத்து வருசத்துக்குக் கட்டுன வரியில ஒரு பங்கைத் திருப்பி வாங்கிக்கிடலாம். ஜாக்கிக்கும் உண்டு, குத்துச்சண்டைக்காரனுக்கும் உண்டு. ஆனா சம்பளமும் பரிசுப் பணமும்தான் கணக்குல சேரும். கம்பெனிக்காரன்கிட்ட பல்லைக் காட்டி வாங்குன விளம்பரப் பணம் சேராது. முட்டுனதுக்கு உண்டு, போஸ் குடுத்ததுக்குக் கெடையாது.