களைப்பாக இருந்தவர்களுக்குக் களைப்பாக இருந்தது

1979ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் திகதி வெளியான பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில், இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரைப் பற்றி நான்கு பக்கத்தில் ஓர் ஆய்வு வந்தது. மாத்திரை, தராசு, அசைவை அளக்கும் கருவி, புள்ளிவிவரம் எல்லாம் வைத்துப் பாடுபட்டவர்கள் முடிவில் ஒன்றை உறுதிப்படுத்தினார்கள். இரத்தத்தில் இரும்பு குறைந்தவர்களுக்குக் களைப்பும் பலவீனமும் இருக்கும் என்று வைத்தியர்கள் அதுவரை ஒரு குத்துமதிப்பாக நம்பி வந்தார்களாம். அது உண்மைதான் என்பதற்கு இப்போது வலுவான ஆதாரம் கிடைத்துவிட்டதாம்.

எங்கள் அப்பாயி அந்தச் சஞ்சிகையை வாசிக்கவில்லை. ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் அதற்குக் கொழுந்து எடுக்கவே நேரம் போதவில்லை. ஆனால் அந்த முடிவை அது பல தடவை வாயாலேயே வெளியிட்டிருக்கிறது. "ஏத்தத்துல கால வச்சா நெஞ்சு படக்கு படக்குன்னு அடிக்குதுங்க ஐயா, மூச்சு இழுக்குது" என்று டிஸ்பென்சரி ஐயாவிடம் போய் நிற்கும். ஐயா நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பார். பிறகு ஒரு போத்தலில் கலர் தண்ணி. அப்பாயியின் ஆய்வில் மாதிரி எண்ணிக்கை ஒன்று. ஒப்பீட்டுக் குழு கிடையாது. ஆகவே விஞ்ஞானம் அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

அந்தப் படபடப்பின் கணக்கு சிக்கலானதல்ல. இரத்தச் சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின்தான் ஒட்சிசனைச் சுமக்கும் கூடை. அதைப் பின்ன இரும்பு வேண்டும். இரும்பு குறைந்தால் கூடை சிறுத்துவிடும். கூடை சிறுத்தவர் என்ன செய்வார்? மலைக்கும் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கும் கூடுதல் நடை நடப்பார். இதயமும் அதைத்தான் செய்கிறது. ஒரு நடையில் முடிவதை இரண்டு நடையாக அடிக்கிறது. ஒரு பெண்ணுக்கு டெசிலீற்றருக்கு 12 கிராம் இருக்க வேண்டிய இடத்தில் ஆறோ ஏழோ இருந்தால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இதயம் ஏற்றத்தில் ஏறிக்கொண்டிருக்கும். வருடக்கணக்கில் இப்படி ஓவர்டைம் பார்த்தால் அது பெருத்து, தளர்ந்து, கடைசியில் காலில் நீர் கோத்துக்கொள்ளும். சின்னப் பிள்ளை என்றாலும் பெரிய ஆள் என்றாலும் இதே விதிதான். ஓவர்டைம் காசு மட்டும் இதயத்துக்கு எவரும் எழுதுவதில்லை.

இரும்பு எங்கே போயிற்று? கொஞ்சம் சாப்பாட்டில் வராமலே போயிற்று. கொஞ்சம் மாதாமாதமும், ஒவ்வொரு பிள்ளைப்பேற்றிலும் போயிற்று. மிச்சத்தைக் கொக்கிப்புழு கொண்டுபோனது. புழு வெறுங்காலின் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும், ஊர் சுற்றிவிட்டுக் குடலில் பல்லைப் பதிக்கும். ஒரு புழு ஒரு நாளில் குடிப்பது ஒரு துளிக்கும் குறைவு. ஆனால் அது தனியாளாக வருவதில்லை. தோட்டத்துக்கு ஆள் சேர்த்த பெரிய கங்காணி ஆளுக்கு இவ்வளவு என்று தலைக்காசு வாங்கினார். புழு அதே ஆளிடம் இரத்தமாகப் பிடித்தது. பற்றுச்சீட்டு இருவருமே கொடுக்கவில்லை.

இந்தப் புழுவைப் பிடிக்க 1916இல் அமெரிக்காவிலிருந்து ஆள் வந்தது. ராக்ஃபெல்லர் நிறுவனம். உலகத்துக்கு மண்ணெண்ணெய் விற்றுச் சேர்த்த பணத்தில் ஒரு பங்கை, மண்ணெண்ணெய் விளக்கு எரியும் லயத்து மனிதர்களின் வயிற்றுக்குச் செலவழித்தார்கள். மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் தொடங்கினார்கள். பெரிய துரைமார் சந்தோஷமாகக் கதவைத் திறந்துவிட்டார்கள். புழு போனால் வேலை கூடும் என்று யாராவது சொன்னால் எந்தத் துரைக்குத்தான் கசக்கும்? செனோபோடியம் எண்ணெய் என்றொரு மருந்து கொடுத்தார்கள். அளவு தப்பினால் புழுவோடு ஆளையும் அனுப்பக்கூடிய சாமான். அது வரைக்கும் எல்லாம் சுமுகம். அடுத்து அமெரிக்கர்கள், "மருந்து மட்டும் போதாது, கக்கூஸ் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் போன புழு திரும்பி வரும்" என்றார்கள். துரைமாரின் முகம் மாறிவிட்டது. மருந்துச் செலவு ஒருநாள் செலவு. கக்கூஸ் என்பது கல்லும் சிமெந்தும். இந்தச் சனம் கட்டிக் கொடுத்தாலும் பாவிக்காது என்று பங்களா வராந்தாவில் உட்கார்ந்து மானிடவியல் பேசினார்கள். பாவிக்காது என்பதற்கு அவர்கள் காட்டிய ஆதாரம், கட்டப்படாத கக்கூஸ்களை எவரும் பாவிக்கவில்லை என்பதுதான்.

வயிறு பார்த்தாயிற்று. அடுத்தது வாய்.

பூண்டுலோயாவில் டன்சினன் என்று ஒரு தோட்டம் இருக்கிறது. பெயரைக் கேட்டால் ஷேக்ஸ்பியர் ஞாபகம் வரும். மக்பெத் நாடகத்தில் டன்சினன் மலையை நோக்கிக் காடே நடந்து வரும், ராஜாவின் கதை முடியும். நம்முடைய டன்சினனில் அந்தப் பயம் கிடையாது. நடந்து வரக்கூடிய காட்டை முன்கூட்டியே வெட்டித் தேயிலை போட்டுவிட்டார்கள். அங்கும் பக்கத்து ஹரோ தோட்டத்திலுமாக 1970இல் ஹரால்ட் லோ என்ற நோர்வேப் பல் பேராசிரியரின் குழு வந்திறங்கியது. 480 ஆண் தொழிலாளர்களை நிறுத்தி "ஆ" சொல்ல வைத்தார்கள். பல்துலக்கும் பழக்கமோ பல் வைத்தியரோ அண்டாத வாயில் முரசுநோய் தன்பாட்டில் எப்படி வளர்கிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். ஒப்பிட்டுப் பார்க்க ஒஸ்லோவின் படித்த வாலிபர்கள். அவர்களுக்குச் சிறுவயதிலிருந்தே பல் வைத்தியர் உண்டு. இவர்களுக்குச் சிறுவயதிலிருந்தே வெற்றிலை உண்டு.

பதினைந்து வருடம் திரும்பத் திரும்ப வந்து எட்டிப் பார்த்தார்கள். 1986இல் முடிவு வந்தது: 8 சதவீதத்தினருக்கு நோய் வேகமாக ஓடியது, 81 சதவீதத்தினருக்கு நடந்தது, 11 சதவீதத்தினருக்கு நின்ற இடத்திலேயே நின்றது. உலகப் பல் மருத்துவப் பாடப்புத்தகங்களில் இன்றும் அந்த மூன்று எண்கள் இருக்கின்றன. பூச்சிப்பல் மட்டும் அநேகமாகக் கிடையாது என்றும் எழுதினார்கள். லயத்துக்குள் இனிப்பு எத்தனை தாராளமாக வந்திருக்கும் என்பதை அதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

480 பேரில் 1985இல் எஞ்சியவர்கள் 161. நீண்டகால ஆய்வுகளில் ஆள் உதிர்வது வழமைதான். ஆனால் அந்த வருடங்களில் மலையகத்தில் ஆள் உதிர்ந்த விதமே வேறு. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒரு மேசையில் உட்கார்ந்து, இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மீதி 150,000 பேரை 1974இல் இரண்டு அரசாங்கமும் ஆளுக்குப் பாதியாக, 75,000 வீதம், வெட்டிக்கொண்டன. கேக் வெட்டும்போதுகூட யாருக்கு எந்தத் துண்டு பிடிக்கும் என்று ஒரு வார்த்தை கேட்பார்கள். ஆட்கள் தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். முரசும் கூடவே போயிற்று.

இதயத்தைப் பற்றிப் பேச வந்தவன் பல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறானே என்று நினைக்க வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு குறுக்குப் பாதை இருக்கிறது. இரத்தம் கசியும் முரசு வழியாகக் கிருமி இரத்தத்தில் இறங்கும். நல்ல வால்வு என்றால் தட்டிவிட்டுப் போய்விடும். ஏற்கெனவே பழுதான வால்வு என்றால் அங்கேயே லயம் கட்டிக் குடியேறும். வால்வைப் பழுதாக்கும் வேலை பிள்ளைப் பருவத்திலேயே நடக்கிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவுக்குள் ஏழெட்டுப் பேர், வெளியே நுவரெலியா மலைக்குளிர், சன்னல் சாத்தியே இருக்கும், ஒருவருக்குத் தொண்டைநோ வந்தால் எல்லாருக்கும் வரும். கவனிக்காமல் விட்ட சில பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று கிழமையில் காய்ச்சலும் மூட்டு வீக்கமும். பிள்ளை வளருது, அதனால்தான் கால் உளையுது என்பார்கள். வீக்கம் வடிந்துவிடும், வாதக் காய்ச்சல் வால்வில் தழும்பு போட்டுவிட்டுப் போயிருக்கும். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, தலைப்பிரசவத்தில் அந்தப் பிள்ளைக்கு மூச்சு முட்டும்போதுதான் யாராவது ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைப்பார்கள். மூன்று நான்கு கிழமைக்கு ஒரு பென்சிலின் ஊசி போட்டிருந்தால் வால்வு மேலும் கெடாமல் தடுத்திருக்கலாம். இதெல்லாம் 1950களிலேயே மருத்துவ உலகத்துக்குத் தெரியும். ஊசிக்கு டிஸ்பென்சரி வரை நடந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போய்விடும் என்பது அம்மாவுக்குத் தெரியும்.

சரி, நெஞ்சுக்கு வருவோம்.

1970களின் நடுப்பகுதி. 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகி, வெள்ளைத் துரைமார் போய் அரசாங்கத் துரைமார் வந்திருந்தார்கள். வேட்டி மாறியதே தவிர இடுப்பு மாறவில்லை என்பது லயத்துப் பேச்சு. 1973, 74இல் மா, அரிசிப் பங்கீடு வெட்டுப்பட்டுத் தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்தது. அந்தக் காலத்தில்தான் கலிபோர்னியாவிலிருந்து ரெஜி எட்ஜர்டன், ஜெரால்ட் கார்ட்னர் முதலானோர், இரும்பு குறைந்த உடம்பு எவ்வளவு வேலை செய்யும் என்று அளப்பதற்கு இலங்கைக்கு வந்தார்கள். உள்ளூரில் அவர்களோடு சேர்ந்தவர் பேராதனை மருத்துவப் பேராசிரியர் பிரையன் செனவிரத்ன. பின்னாளில் அவுஸ்திரேலியாவுக்குப் போய், சிங்களவராக இருந்தும் தமிழருக்காகத் தொண்டை கிழியப் பேசினாரே, அதே மனிதர்தான். எட்ஜர்டனும் பிற்பாடு முள்ளந்தண்டு செயலிழந்தவர்களை மின்தூண்டலால் எழுந்து நிற்க வைக்கும் ஆய்வுகளில் உலகப் புகழ் பெற்றார். ஆட்கள் லேசுப்பட்டவர்கள் அல்ல.

1977இல் வந்த ஆய்வில் 75 பெண்கள். 22 வயதிலிருந்து 65 வயது வரை. ஹீமோகுளோபின் 6.1இலிருந்து 15.9 வரை. இவர்களை ட்ரெட்மில்லில் ஏற்றினார்கள். தேயிலை மலையில் நாள் முழுக்க ஏறி இறங்கும் ஒரு பெண்ணுக்கு, மின்சாரத்தில் ஓடும் வாரின் மேல் நின்று நடப்பதைப் போலக் கேலிக்கூத்து வேறென்ன இருக்கும்? ஆனால் எவ்வளவு நடந்தாலும் எங்கும் போய்ச்சேராத வித்தை மலையகத்துக்குப் புதிதல்ல. 1948இல் பறிபோன குடியுரிமைக்காக அப்படித்தானே நடந்துகொண்டிருந்தோம். வாரின் சாய்வைப் படிப்படியாகக் கூட்டினார்கள். இரும்பு குறைந்தவர்கள் சீக்கிரம் இறங்கிவிட்டார்கள். அதே வேலைக்கு அவர்களின் இதயம் கூடுதலாக அடித்தது, இரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறியது. அப்பாயியின் படக்கு படக்குக்கு முதல் தடவையாக ஒரு வரைபடம் கிடைத்தது.

1979 ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. ட்ரெட்மில்லை விட்டுவிட்டு மலைக்கே போய்விட்டார்கள். சிலருக்கு இரும்பு, சிலருக்கு இரும்பு மாதிரியே இருக்கும் வெறும் மருந்து. யாருக்கு எது என்று கங்காணிக்குத் தெரியாது, தராசுக்கும் தெரியாது. ஒரு மாதம் கழித்துக் கொழுந்தை நிறுத்துப் பார்த்தார்கள். இரும்பு ஏறியவர்களின் கூடையில் கொழுந்து கூடியிருந்தது. ஹீமோகுளோபின் 6இலிருந்து 9 வரை இருந்தவர்களிடம் அந்தக் கூடுதல் மற்றவர்களைவிட அதிகம். சிலரின் அன்றாட அசைவை நான்கு மணித்தியாலமோ 24 மணித்தியாலமோ தொடர்ந்து பதிவு செய்தார்கள். மூன்று கிழமையில் இரும்பு எடுத்தவர்கள் வீட்டிலும் வாசலிலும் கூடுதலாக நடமாடினார்கள். அதாவது வேலை முடிந்து காம்பராவுக்கு வந்த பிறகு மூலையில் சாய்ந்து கிடக்காமல், அடுப்பு மூட்டவும் பிள்ளையைத் தூக்கவும் கொஞ்சம் தெம்பு மிஞ்சியிருந்தது. எனக்கு அந்த ஆய்வு முழுவதிலும் பிடித்த வரி இதுதான்.

ஆனால் மற்றவர்களுக்குப் பிடித்த வரி வேறு. உற்பத்தி கூடும், அதன் பொருளாதாரப் பயன் வெளிப்படை என்று ஆசிரியர்கள் எழுதியிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. துரைக்குப் புரியும் பாஷை றாத்தல் ஒன்றுதான், அந்தப் பாஷையில் எழுதினால்தான் மாத்திரை மலைக்கு வரும். கொழுந்தெடுப்பவரின் இதயம் இதயமாகத் துடித்தவரை அது ஒரு குத்துமதிப்பு. தராசுத் தட்டில் ஏறியதும் ஆதாரம். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் கிடைக்க 1984 ஆயிற்று. கூடிய கொழுந்து ஆணுடையதா பெண்ணுடையதா என்று தராசு அதற்கு முன்பும் கேட்டதில்லை.

இன்னொரு ஆய்வையும் சொல்லிவிடுகிறேன். 1975இல் தென்னாப்பிரிக்காவில், இந்திய வம்சாவளிப் பெண்களை வைத்துத்தான் பார்த்தார்கள். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால், அதிலுள்ள தனின் இரும்பைக் கட்டிப்போட்டு, குடல் அதை உறிஞ்சவிடாமல் செய்துவிடும் என்று கண்டார்கள். நாம் உலகத்துக்கு அனுப்பும் சரக்கின் குணம் அது. நல்ல இலை கப்பலேறிப் போய்விடும், தூள் நமக்கு வரும். தூளில் சாயத்துக்கும் குறைவில்லை, தனினுக்கும் குறைவில்லை.

பிற்காலத்தில் எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியிலும் இரும்பு மாத்திரை கொடுக்கத் தொடங்கினார்கள். அப்பாயி கடதாசிச் சரையை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தது. இஸ்தோப்பில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்து, ஒரு மாத்திரையை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "கசக்கும்போல இருக்கே, அந்தச் சாயத்தண்ணிய எடு புள்ள" என்று சொல்லி, கோப்பை நிறையத் தேத்தண்ணி வாங்கி, ஒரே மூச்சில் விழுங்கியது.